வாவியைத் தாண்டக் கூடாது

மட்டக்களப்பில் இறங்கிய முதல் நாளே என்னை அணியின் மேனேஜர் என்று நினைத்துவிட்டார்கள். பதிவு மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றபோது, கொழும்பு அணியைச் சேர்ந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "அங்கிள், உங்கட பைலட்மார் இன்னும் வரல்லையா?"

பைலட்டே நான்தான் என்றேன். அவள் பார்வை என் தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கி, அங்கே சற்று நேரம் தங்கி, மறுபடி முகத்துக்கு ஏறியது. "சொரி அங்கிள்" என்றாள். அந்த இரண்டாவது அங்கிளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. சேலத்தில் பல் மருத்துவர். வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவன், ஏழாம் நாள் ஹேங் கிளைடரில் பறப்பேன். பெரிய முக்கோணத் துணிச் சிறகு ஒன்றின் கீழே, சாக்குக்குள் நுழைந்த மாதிரி குப்புறத் தொங்கிக்கொண்டு, கையில் பிடித்த கம்பியைத் தள்ளியும் இழுத்தும் திசை திருப்பும் விளையாட்டு அது. இன்ஜின் கிடையாது. காற்றும் வெயிலும் சேர்ந்து தூக்கினால் மேலே; இல்லையென்றால் கீழே. என் மனைவி இதை "உங்க தொங்கல்" என்பாள்.

எங்கள் அணியில் மூன்று பேர். தலைவி மெர்சி, ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாதபோதும் இருப்பதுபோலவே பேசுவார். அடுத்தவர் தங்கவேலு. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஆள் தொண்ணூற்றெட்டு கிலோ. அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு துணிச் சிறகு எழும்பும்போது பார்க்கிறவர்களுக்கு இயற்பியல் மேலேயே சந்தேகம் வரும். மூவரும் ஒரு சின்ன நட்புப் போட்டிக்காக வந்திருந்தோம். மொத்தம் ஆறு அணிகள்.

விதி எளியது. போட்டிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரும் ஒரு பயிற்சிப் பறத்தலை முடித்து, குறித்த களத்துக்குள் இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் மறுநாள் பறக்க முடியாது. ஓர் அணிக்குக் குறைந்தது இரண்டு பேராவது தேற வேண்டும்.

இதற்கு மேல் மெர்சி தன் சொந்த விதி ஒன்றையும் சேர்த்தார். இரவுச் சாப்பாட்டின்போது மேசையில் சிந்தியிருந்த தேங்காய்ப்பால் சொதியை விரலால் இழுத்து வரைபடம் போட்டார். "இது வாவி, கடலோரமா நீளமா கிடக்குற காயல். நாம பறக்கப்போறது மேற்குக் கரையில. காத்து மேற்கேயிருந்து கிழக்கே அடிக்குது. வாவியைத் தாண்டிட்டா எதிர்காத்துல திரும்பி வர முடியாது. அந்தப் பக்கம் ஒரு பட்டை நிலம்தான், அதுக்கு அப்பால கடல். அதனால வாவியைத் தாண்டக் கூடாது." இதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் என்னைப் பார்த்தே சொன்னார்.

நான் பிட்டில் கவனமாக இருந்தேன். எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரை, தேங்காய், கொஞ்சம் பரிதாபம். இங்கே அதே மாவு நண்டுக் கறியோடு சேர்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறது. முடிவில் ஒரு மண்சட்டி வந்தது. உள்ளே எருமைத் தயிர். கவிழ்த்தாலும் விழாது என்று எங்கள் ஓட்டுநர் ரூபன் சத்தியம் செய்தார். தங்கவேலு உடனே கவிழ்த்துப் பார்த்தார். விழவில்லை. ரூபன் மேல் அவருக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ரூபன் மட்டக்களப்பு நகரத்துக்காரர், முப்பது வயது. எங்களை இழுத்து மேலே ஏற்றும் பிக்கப் அவருடையது. சாயங்காலம் கல்லடிக் கடற்கரையில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்கு இங்கே கச்சான் என்று பெயர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் சொன்னார்: "நாளைக்குக் கச்சான் நல்லா அடிக்கும் சேர்."

தங்கவேலு யோசித்தார். "வேணாமுங்க. இன்னிக்குத் தின்னதே நெஞ்சுல நிக்குதுங்க."

ரூபன் குனிந்து சிரித்தார். மேற்கேயிருந்து வரும் சுடுகாற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயராம்.

மறுநாள் காலை பாண் என்னும் ரொட்டி விற்கும் ஆட்டோவின் சங்கீதத்தில் விழித்தோம். ஆளுக்கு இரண்டு மீன் பணிஸ், அதாவது உள்ளே மீன் வைத்த பன், விழுங்கிவிட்டு, பாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். சூரியன் படும் பக்கம் என்பதால் அதற்குப் படுவான்கரை என்று பெயர். நாங்கள் விட்டுவந்த கிழக்குக் கரை எழுவான்கரை. திசைக்கு இவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கும் ஊரில் வழி தவறுவது கடினம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே தவறப்போகிறேன் என்று தெரியாது.

பழுகாமத்துக்கு வடக்கே அறுவடை முடிந்த வயல்வெளி. வயல்வெளி என்று நான் சொன்னதும் ரூபன் திருத்தினார்: "வட்டை எண்டு சொல்லணும் சேர்." அடிக்கட்டைகள் காய்ந்து, கண்ணுக்கு எட்டும் வரை பொன் நிறத்தில் தட்டை. எங்கள் ஊரில் பறக்க வேண்டுமென்றால் மலை ஏறி, விளிம்பிலிருந்து ஓடிக் குதிக்க வேண்டும். இங்கே மலைக்குப் பதிலாக ரூபன். அவருடைய பிக்கப்பின் பின்புறம் ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய கயிறு, கயிற்றின் நுனியில் நாம். வண்டி கிறவல் என்று இங்கே சொல்லும் சரளை ரோட்டில் ஓட ஓட நாம் பட்டம்போல எழும்புவோம். போதுமான உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும்.

வட்டையின் சொந்தக்காரர் ஒரு குடையோடு வந்து நின்றார். அனுமதி கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அவர் கையை உதறினார். "எனக்கு ஏன் நன்றி? இது என்ட மனிசிட வட்டை. அவ ஓம் எண்டா. நான் வேடிக்க பாக்க வந்தனான்."

முதலில் தங்கவேலு. பத்து நிமிடம் வட்டமிட்டுவிட்டு, களத்தின் நடுவில் போட்டிருந்த வெள்ளைத் துணிமேல் பஞ்சுமூட்டையை வைத்ததுபோல இறங்கினார். குடைக்காரர் கைதட்டினார். தங்கவேலு கையெழுத்துப் போட்டுவிட்டு நிழலுக்குப் போனார். மெர்சி எப்போதும் கடைசியாகத்தான் பறப்பார். மற்றவர்கள் பத்திரமாக இறங்கிய பிறகுதான் அவருக்குக் காலே தரையை விட்டு எழும்பும்.

அடுத்து நான். கயிறு இழுத்தது, வயிறு ஒரு கணம் கீழேயே நின்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. முந்நூறு மீட்டரில் கழற்றினேன். காய்ந்த வயல் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு ஒரு தூணாக எழும்பும் இடத்தில் இரண்டு பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் போய்ச் சேர்ந்தேன். அவை என்னைக் கண்டு விலகவில்லை. கொஞ்சம் இடம்கூடக் கொடுத்தன என்று நினைக்கிறேன். ஐந்நூறு, அறுநூறு, எண்ணூறு. கீழே வாவி வெள்ளித் தகடாகத் திறந்துகொண்டது. அதில் தோணிகள், மீன் அடைப்புகள், கோடு போட்ட மாதிரிப் பாலம். அப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் நிஜமான நீலத்தில் கடல்.

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி பேசியது. "டாக்டர், போதும். கரைக்கு வந்துட்டீங்க. திரும்புங்க."

அப்போது திரும்பியிருக்கலாம். களம் எனக்குப் பின்னால், எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தங்கள் முறையை முடித்துவிட்டுக் கிளம்பவிருந்த கொழும்பு அணி முழுதும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாவிக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. மேனேஜர்கள் செய்கிற காரியமில்லையே அது. "சரியா கேக்கல" என்று வாக்கியில் சொன்னேன். மிகத் தெளிவாகக் கேட்டிருந்தது.

தண்ணீர் சூடாவதில்லை. சூடாகாத இடத்தில் காற்று எழும்புவதுமில்லை. பள்ளிப் பாடம். வாவியின் நடுவுக்குப் போனதும் சிறகு படியிறங்குவதுபோல இறங்க ஆரம்பித்தது. பதறித் திரும்பி மேற்கு நோக்கினேன். கம்பியை வயிறு வரை இழுத்து வேகம் கூட்டினேன். கீழே ஒரு தோணியில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன். அதே தோணி, அதே இடம், அதே ஆள். இப்போது அவர் வலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் என்னை நடுவானில் நிறுத்தி வைத்திருந்தது, நான் உயரத்தை மட்டும் இழந்துகொண்டிருந்தேன். இந்த வாவியில் முதலை உண்டு என்று முந்தின இரவு ரூபன் சொன்னது சரியாக அப்போது நினைவுக்கு வந்தது.

வேறு வழியில்லை. காற்றுக்கு முதுகு கொடுத்துக் கிழக்கே ஓடினேன். வாவி முடிந்தது. தென்னை, கூரைகள், ஒரு கோயில் கோபுரம், ரோடு. அடுத்த கணம் கடல் முன்னால் எழுந்து நின்றது. வளைந்து மறுபடி மேற்கே திரும்பியபோது வாவிக்கரையில் ஒரு புல்திட்டு தெரிந்தது. ஆடுகள் ஓடின. கால் தரையைத் தொட்டது. இறங்கிவிட்டேன் என்று மூச்சு விட்டபோதுதான் எதிரே கம்புகளில் காயப்போட்டிருந்த வலைகளைப் பார்த்தேன்.

சிறகும் நானும் சேர்ந்தே மாட்டினோம்.

"ஆரடா அது, என்ட வலைக்க?"

அறுபது வயதிருக்கும் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அருகில் வந்ததும் நின்றார். என்னையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். "இந்த ஆத்தில முப்பது வருசமா வலை போடுறன். இப்பிடி ஒண்டு மாட்டினதில்ல" என்றார். வாவியை இங்கே ஆறு என்றும் சொல்வார்கள்.

"கத்தி இருந்தா வெட்டிடலாங்க. நான் வேற வலை…" என்று ஆரம்பித்தேன்.

"வலைய வெட்டுறதா? வேணுமெண்டா உங்கட செட்டைய வெட்டுவம்."

பிறகு கண் கண்ணாக என்னை விடுவித்தார். அதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவர் பெயர் சாமித்தம்பி. ஊர் செட்டிபாளையம். அதற்குள் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். என் கை இன்னும் வலைக்குள் இருந்ததால் அவரே குடிக்கவும் வைத்தார்.

வாக்கி-டாக்கியில் மெர்சியின் குரல். "எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான்."

"எந்தப் பக்கத்துல?"

"அந்தப் பக்கத்துல."

"அடி பட்டுச்சா?"

"இல்லை. காத்து தள்ளிடுச்சு மெர்சி. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

இது பொய். சொன்ன உடனே எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். ரூபனையும் தங்கவேலுவையும் வண்டியோடு அனுப்புவதாகவும், மூன்று மணிக்குள் திரும்பினால் நான் மறுபடி பறந்து கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றும் மெர்சி சொன்னார். தான் அதற்குப் பிறகு பறந்துகொள்வதாகவும் சொன்னார். மற்ற அணிகள் முடித்துக் கிளம்பியிருக்கும்; எங்களுக்கு இருந்தது ஒரே வண்டி. அது இங்கே வந்தால் அங்கே யாரும் பறக்க முடியாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை.

சிறகை மடித்து உறைக்குள் போட்டேன். ஐந்தரை மீட்டர் நீளப் பொட்டலம். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு விசாரணையைத் தொடங்கினார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மனைவி இதற்குச் சம்மதித்தாளா. கடைசியில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கேட்டார்: "மறுகா, என்ன தொழில் செய்யிறீங்க?"

"பல் டாக்டர்."

எல்லோரும் சாமித்தம்பியைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். "உண்மையாவா?" என்றார். குரலில் விளையாட்டு போயிருந்தது. "என்ட மனிசிக்குப் பல்லுக்குத்து. அஞ்சு நாளாச்சு. நேத்தையில இருந்து கஞ்சிகூட இறங்குதில்ல. அதான் நான் இண்டைக்கு ஆத்துக்குப் போகல்ல. ஒருக்காப் பாருங்க டொக்டர்."

ஊர் ஊராக வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் எனக்குப் பழக்கம். கல்யாண வீட்டில், ரயிலில், ஒருமுறை துக்க வீட்டில்கூடக் காட்டியிருக்கிறார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் மனைவி தவமணி வீட்டில் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி, கழுத்தும் முகமும் ஒன்றாகியிருந்தன. தொட்டால் பலகைபோல இறுக்கம். உடம்பு கொதித்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. நாக்கு மேலே தள்ளப்பட்டிருந்தது. பேசும்போது வாய் நிறைய வெற்றிலை வைத்திருப்பவர்போலக் குரல் குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்குள் இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மூச்சுக் குழாயை அடைத்துவிடும். நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் இதே மாதிரி வீக்கத்தோடு வந்த ஒருவரை, பயப்படாதீர்கள், நாளைக் காலை வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் காலையில் வரவில்லை. அவருடைய அண்ணன்தான் வந்தார்.

"படுக்கக் கூடாதும்மா. எழுந்து உக்காருங்க, முன்னால சாஞ்சு" என்று நிமிர்த்தினேன். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் தலையை ஆட்டினார். "நாளைக்குப் போறன். அங்க பல்லைப் புடுங்குவாங்க."

"இப்ப கவலை பல்லைப் பத்தி இல்லம்மா. மூச்சைப் பத்தி."

"அஞ்சு நாளா நான் சொல்றன்" என்றார் சாமித்தம்பி. "கேக்கல்ல. இப்ப வானத்தால ஒரு ஆள் இறங்கி வந்து சொல்லுறார். இன்னும் ஆர் வந்து சொல்லணும் உனக்கு?"

தவமணி என்னைப் பார்த்தார். வலையின் நூல் இன்னும் என் சட்டைப் பொத்தானில் தொங்கிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து வந்தவன் என்று நம்புவது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சிவப்புச் சட்டைப் பெண் அதற்குள் ஒரு பையில் சேலையையும் சீப்பையும் எடுத்து வைத்துவிட்டார். "எழும்புகா" என்றார், அவ்வளவுதான்.

அப்போதுதான் ரூபனின் பிக்கப் வந்து நின்றது. மணி இரண்டு. நான் மெர்சியைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருடைய பறத்தலும் போய்விடலாம், தங்கவேலு ஒருவரை வைத்து அணி நிற்காது என்றும் சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"தெரியல. நாளை வரைக்கும் இல்லை."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டுட்டு நிக்கிறீங்க? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

தவமணியை முன் இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். பக்கத்தில் சாமித்தம்பி. நான் பின்னால், கயிற்று உருளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. சிறகோடு தங்கவேலு அங்கேயே நின்றார். ரூபன் ஓட்டிய வேகத்தில் இன்னொரு கிளைடரைக் கட்டியிருந்தால் அது தானே எழும்பியிருக்கும்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவரை ஒரு நிமிடம்தான் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். ஏற்றும்போது தவமணி சாமித்தம்பியைக் கையசைத்து அழைத்து ஏதோ குழறினார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஆட்டைக் கட்டட்டாம்" என்றார் சாமித்தம்பி. பிறகுதான் அழுதார்.

நாங்கள் படுவான்கரைக்குத் திரும்பியபோது மணி நாலேகால் தாண்டியிருந்தது. மேற்குக் காற்று விழுந்து, கடல் பக்கமிருந்து காற்று தொடங்கியிருந்தது. அதனால் வண்டி வட்டையின் மறுகோடிக்குப் போய் எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். ஐந்துக்குள் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது. மெர்சி தன் சிறகைப் பூட்டித் தயாராக வைத்திருந்தார்.

"நீங்க பறங்க மெர்சி" என்றேன். குரலில் கொஞ்சம் தியாகம் கலந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"பின்னே?" என்றார் அவர், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "ஒருத்தருக்குத்தான் நேரம்னா, வாவியைத் தாண்டினவர்தான் வெளியே டாக்டர். அந்தம்மாவைக் கொண்டுபோனது நல்ல காரியம். அது வேற, இது வேற."

ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அவர் வெள்ளைத் துணிக்கு ஒரு முழம் தள்ளி இறங்கினார். நான் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பறக்கத் தொடங்கிய இந்த ஒன்பது வருடத்தில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை.

தங்கவேலு வந்துசேர ஆறரை ஆயிற்று. தோளில் என் சிறகின் ஒரு முனை, மறுமுனையில் யாரோ ஒரு மோட்டார் சைக்கிள்காரர்.

"ரோட்டுல போனா சுத்துங்க, பாதையால போங்கன்னாங்க" என்று ஆரம்பித்தார். "நானும் பாதை எங்கேன்னு கேட்டுக் கேட்டு நடந்தனுங்க. எல்லாரும் வாவியைக் காட்டுறாங்க. கடைசில தண்ணிக்கிட்ட வந்து நின்னுட்டனுங்க. பாதை எங்கேன்னா, 'பாதை அங்கால போயிட்டு, இப்ப வரும்'ங்கறாங்க. எனக்கு வெயில்ல மூளை கலங்கிருச்சோன்னு ஆயிருச்சுங்க. பாத்தா, ஒரு மிதக்குற மேடை வருதுங்க டாக்டரே! மோட்டார் சைக்கிள், ஆளுக, ஒரு கன்னுக்குட்டி. அதுக்குப் பேருதான் பாதையாமுங்க. கன்னுக்குட்டி உங்க சிறகு உறையை ஒரு ஓரமா தின்னுருச்சுங்க. நான் ஒண்ணும் சொல்லல. நாமதான அதோட எடத்துல நின்னோம்."

மூன்றாம் நாள் போட்டி. நான் களத்தில் காற்றுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையைச் சின்னதாக நினைக்கக் கூடாது என்று கொடியைக் கையில் கொடுக்கும்போதே மெர்சி சொல்லிவிட்டார். நினைத்தேன், ஆனால் வெளியே காட்டவில்லை. தங்கவேலு பருந்துகளோடு ஒரு மணி நேரம் சுற்றினார். மெர்சி அதைவிட அதிகம் சுற்றினார், கரை விளிம்பு வரை போய் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பினார். இரண்டு பேரை வைத்து நாங்கள் நான்காவதாக வந்தோம். மூன்றாவது ஆள் பறந்திருந்தால் எங்கே வந்திருப்போம் என்று அணியில் யாரும் கணக்குப் போடவில்லை. நான் மட்டும் போட்டேன். இரண்டாவது.

ஊர் திரும்பும் நாள் காலை, நானும் மெர்சியும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். தவமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடைக்கு அடியில் கட்டு, அதிலிருந்து ஒரு சிறிய குழாய். கழுத்து கழுத்தாகவும் முகம் முகமாகவும் பிரிந்திருந்தன. என்னைக் கண்டதும் முறைத்தார்.

"பல்லைப் புடுங்கிட்டாங்க" என்றார். சன்னமான, ஆனால் தெளிவான குரல்.

"ஒண்ணுதானேம்மா?"

இரண்டு விரலைக் காட்டினார். சாமித்தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வந்த அன்று இரவே அறுவை செய்து சீழை எடுத்தார்களாம். இன்னும் ஒரு ராத்திரி பிந்தியிருந்தால் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தாராம். இவர் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

"போட்டியில வெண்டிட்டீங்களா?" என்று தவமணி என்னைக் கேட்டார்.

"நான் பறக்கலம்மா."

"ஏன்?"

"வாவியைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. தாண்டிட்டேன்."

"காத்து தள்ளிட்டெண்டு இவர் சொன்னாரே" என்று சாமித்தம்பியைக் காட்டினார்.

மெர்சி எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைக்கிறேன். கழுத்தில் குழாயோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அதே பொய்யை இன்னொரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காத்து தள்ளலம்மா. நானாத்தான் போனேன். திரும்பச் சொன்னாங்க, கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். கீழே நாலு பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க, அதான்."

மெர்சி ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"அதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றார் மெர்சி. "திரும்புங்கன்னு நான் சொன்னப்ப நீங்க தலையைத் திருப்பி என்னைப் பாத்தீங்க டாக்டர். பைனாகுலர்ல நல்லாத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"எங்க ஸ்கூல்ல எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு ஒரு நாள் தருவேன், தானா வந்து சொல்லட்டும்னு. உங்களுக்கு வயசாச்சேன்னு ரெண்டு நாள் தந்தேன்."

தவமணியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சத்தமில்லாமல் சிரித்தார். சாமித்தம்பியும் சேர்ந்துகொண்டார். சத்தம் கேட்டு வந்த நர்ஸ், தையல் பிரிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.